பழைய பிக்கப்: பெயின்டைப் பார்க்காதீர்கள், சேஸைத் தட்டுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பிக்கப் பற்றியவை. புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு எல்லோரும் பழையதின் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

கேள்வி: மூன்று ஏக்கரில் முருங்கையும் தக்காளியும் போடுகிறேன். மார்க்கெட்டுக்கு வாடகை வண்டி வைத்தே கட்டுப்படியாகவில்லை. 2009 மாடல் டாடா 207 டி.ஐ. ஒன்று வந்திருக்கிறது. புரோக்கர் 1,70,000 ரூபாய் சொல்கிறார். எஞ்சின் இப்போதுதான் கட்டியதாம், பெயின்ட் புதுசு. எஃப்.சி. (தகுதிச் சான்று) மட்டும் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. “அது ஒரு நாள் வேலைங்க” என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் வீட்டிலேயே வைத்துச் சரிசெய்துகொள்ளும் எண்ணம். - விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஒரு நாள் வேலை என்றால் ஏழு மாதமாக ஏன் அதை யாரும் செய்யவில்லை என்று அவரிடமே கேளுங்கள். பதில் வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

எஃப்.சி. என்பது சின்ன விஷயம் இல்லை. சரக்கு வண்டிக்கு எஃப்.சி. நடப்பில் இல்லையென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி அந்த வண்டியின் பதிவே செல்லாததாகக் கருதப்படும். அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டியதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் இருந்து மத்திய அரசு பல மடங்கு கூட்டிவிட்டது. இன்றைய தொகையை பரிவாகன் தளத்தில் பார்த்து, எஃப்.சி.க்காகச் செய்ய வேண்டிய வேலைகளின் செலவையும் சேர்த்து, பேரத்தில் கழியுங்கள். இன்னும் நல்லது, எஃப்.சி.யை அவர் செலவில் எடுத்துக் கொடுத்த பிறகு பணம் தருகிறேன் என்பது. வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தால் ஒத்துக்கொள்வார்.

அடுத்து சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். பழைய பிக்கப்பில் எஞ்சினைக் கட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், கேபினைக்கூட வேறு வைக்கலாம். சேஸ் போனால் வண்டி போயிற்று. அதனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன், ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் படுங்கள். கேபினும் பின் பாடியும் சந்திக்கும் இடம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டங்கள் இவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருத் தின்ற இரும்பு சொத்தென்று விழும். சேஸில் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடியில் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். வண்டியின் அடியை அழகு பார்த்து யார் பெயின்ட் அடிக்கிறார்கள்?

சேஸ் நம்பரை ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுப்பதுபோல் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்க வேண்டும்.

“எஞ்சின் கட்டியது” என்றால் பில் எங்கே என்று கேளுங்கள். எந்த லேத்தில் போர் அடித்தார்கள், பிஸ்டன் என்ன சைஸ், எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். பில் இல்லையா, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சுற்றில் பிடிக்கிறதா பாருங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன், ரிங் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. கறுப்பு என்றால் டீசலைப் பீய்ச்சும் நாசில், பம்ப் அல்லது அடைத்த ஏர் ஃபில்டர். இதில் பயம் குறைவு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில் பால் காபி மாதிரி ஒட்டினால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது.

காகிதத்தில் பாக்கி இருப்பவை: ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா (பாங்கின் கடிதமும் படிவம் 35-ம்), வரி எதுவரை கட்டியிருக்கிறது, இ-செலான் நிலுவை உண்டா. பெயர் மாற்றத்துக்கான, கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம்.

இத்தனையும் சரியாக இருந்தால் 207 நல்ல தேர்வுதான். எலக்ட்ரானிக் சமாச்சாரம் குறைவு. சந்தை கூடும் எந்த ஊரிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார். ஆனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் வாங்கும்போதே கொடுத்துவிடாதீர்கள். வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்காவது முதல் வருட வேலைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். இது என் அனுபவக் கணக்கு. இதற்குக் கீழே வைத்துத் தப்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: உப்பளத்தில் மூட்டை ஏற்றும் பழைய பிக்கப் வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிங்கர் வேலை பார்த்து பட்டி போட்டு பெயின்ட் அடிக்கிறேன். அடுத்த மழைக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடுகிறது. அடியில் பழைய எஞ்சின் ஆயில் அடித்தால் துரு பிடிக்காது என்கிறார்களே? - வேதாரண்யம் வாசகர்

பதில்: துருவின் மேல் பட்டி போடுவது புண்ணை ஆற்றாமல் துணி கட்டுவதுபோல. உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டியில் துரு ஆரம்பிக்கும் இடம் வெளித்தகடு இல்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூட்டையிலிருந்து கசியும் உப்புநீர் பின் பாடியின் தகட்டு இணைப்புகள் வழியாக இறங்கி, நேராகச் சேஸின் மேல் பரப்பில் தேங்குகிறது. வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. ஆகவே முதல் செலவு பெயின்டுக்கு இல்லை, மூட்டைக்கு அடியில் விரிக்கக் கிழியாத ஒரு தார்ப்பாய்க்கு. அது பாடியின் பக்கச் சுவர் வரை ஏறி நிற்க வேண்டும்.

இரண்டாவது, லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவது. கடலோரத்தில் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பாக இருக்கிறது. அதில் கழுவினால் பாதிப் பலன்தான். வாரம் ஒரு நாளாவது குளத்துத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ காட்டுங்கள். கதவுகளின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. பெயின்டும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். காசில்லாத வைத்தியம்.

வீட்டிலேயே துரு நீக்குவதென்றால்: கழற்ற முடிகிறவற்றைக் கழற்றி, வயர் பிரஷ் வைத்துப் பொருக்கு எல்லாம் உதிரும்வரை தேயுங்கள். பளபளவென்று வெள்ளி மாதிரி ஆக வேண்டியதில்லை, ஆனால் உதிர்கிற துரு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டரைப் பூசுங்கள். அதிலுள்ள அமிலம் மிச்சத் துருவோடு சேர்ந்து கறுப்பாக மாறி ஒட்டிக்கொள்ளும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, அதற்கு மேல்தான் பெயின்ட். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடுதான் கைமருந்து. வீட்டு ஜன்னலுக்கு அது போதும், உப்பு வண்டிக்குப் போதாது. வேலை முழுவதையும் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் அடித்த பிரைமர் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடி வைக்கும்.

பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம். கொஞ்ச நாள் துருவைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் புஷ்களையும் ஹோஸ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும், சொட்டுகிற இடமெல்லாம் மண் வீணாகும். சேஸின் பெட்டி போன்ற உட்பகுதிகளுக்கென்றே மெழுகு கலந்த ஸ்பிரே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பின் பாடித் தகட்டையும் வீல் ஆர்ச்சையும் நீங்களே வெட்டி ஒட்டலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், டீசல் டேங்க் பக்கம் போகாதீர்கள். சேஸில் மட்டும் நீங்களாக வெல்டிங் ராடு வைக்க வேண்டாம். அதற்கென்று இருக்கிற பட்டறைக்குப் போங்கள். லாரி பாடி கட்டுவதில் பழகிய நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் அப்படிப்பட்ட கைகள் உண்டு.

கேள்வி: அப்பா ஓட்டிய பிக்கப்பை நானே பராமரிக்க ஆசை. யூடியூப் பார்த்து எதுவரை செய்யலாம்? என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, மஞ்சள் போர்டு வண்டி ஓட்டலாமா? - கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

பதில்: ஓட்டலாம். எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

பராமரிப்பில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், ஃபேன் பெல்ட், பேட்டரி முனைகள், பட்டைகளுக்கும் ஜாயின்டுகளுக்கும் கிரீஸ், இவை எல்லாமே உங்கள் கைவேலைதான். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை அவ்வப்போது இறக்கிவிடுங்கள். ஃபில்டர் மாற்றிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பயப்பட வேண்டாம், ஏர் பிடித்திருக்கும். மேலே இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்குங்கள். இந்த ஐந்து நிமிட வேலை தெரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க நெடுஞ்சாலை ஓரத்தில் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்ததும் வந்த லாரி டிரைவர் சிரித்துக்கொண்டே சரிசெய்துவிட்டு, டீக்குக்கூடக் காசு வாங்காமல் போனார்.

செய்யக் கூடாதது: ஓடும் எஞ்சினில் நாசில் பைப்பைக் கழற்றுவது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பம்பையும் நாசிலையும் டீசல் பம்ப் சர்வீஸ் செய்பவரிடமே விடுங்கள். பிரேக்கில் ஆயில் மட்டத்தையும் கசிவையும் பாருங்கள். பெடலை மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் அடுக்குவதும் ஆபத்து. அவை விரிசல் விடும்போது சத்தம் கேட்கும், அதற்குள் வண்டி இறங்கியிருக்கும். இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்கள். பட்டியலில் முதல் பொருள் அதுதான், ஸ்பேனர் செட் அதற்குப் பிறகு.

கேள்வி: பழைய பிக்கப்புக்கு வேறு நிறம் அடித்து, பின்னால் சேஸை நீட்டி, பெரிய டயர் போட்டு அழகு பண்ணலாமா? - கோவை வாசகர்

பதில்: நிறம் மாற்றலாம், ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சேஸை நீட்டக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. டயர், வண்டிக் கம்பெனி சொன்ன சைஸிலேயே இருக்கட்டும். பழைய டயரைப் பாதி விலைக்கு வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அத்தனை பழைய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: அரசுத் துறை ஏலத்தில் 17 வருடப் பழைய பிக்கப் மலிவாக வருகிறது. எடுத்துச் சரிசெய்து ஓட்டலாமா? - திருச்சி

பதில்: முடியாது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலில் இருந்து புதுப்பிக்கப்படுவதில்லை. உடைப்பதற்குத்தான்.

கேள்வி: ஒரு பட்டறையில் 68,000 ரூபாய் கொடுத்து எஞ்சின் கட்டினேன். இரண்டே மாதத்தில் ஆயில் குடிக்கிறது. கேட்டால், “நீங்க ஓவர்லோடு அடிச்சிருப்பீங்க” என்கிறார்கள். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்குதான் இருக்கிறது. சொந்தமாக வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறேன். வியாபார வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார்களே? - டிரைவர், விருதுநகர்

பதில்: யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். வியாபாரத்துக்கு வாங்கும் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு நடத்துபவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒரே வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

துண்டுச் சீட்டும் சாட்சிதான். ஜி-பேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எஞ்சினை அதே பட்டறையில் திரும்பப் பிரிக்க விடாதீர்கள். வேறொரு மெக்கானிக் முன்னிலையில் பிரித்து, ரிங், பிஸ்டன், லைனரைப் போட்டோ எடுத்து, அவர் கண்டதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பழுதான பொருள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பட்டறைக்கு ஸ்பீட் போஸ்டில் தகவல் கொடுத்துவிட்டால், எங்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டார் என்று பிறகு சொல்ல முடியாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள்; சில சமயம் அதிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆன்லைனிலும் வழி உண்டு.

ஸ்பேர் வாங்கும்போதும் பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிப்பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். இன்னும் 28 போட்டு வசூலிக்கிற கடை இருந்தால் அந்த பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: போன வருடம் என் பிக்கப்பை விற்றேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. செலான் எல்லாம் என் போனுக்கு வருகிறது. - ஈரோடு

பதில்: செலான் வந்தால் போகட்டும், விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். நாளைக்கே விற்பனை ரசீது, அவருடைய ஆதார் நகல், படிவம் 29 எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்துமூலம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம். வாங்கியவரிடம் பேசுவது அதற்கப்புறம்.