அவசரத்துக்குப் பழைய நகையை மட்டக்களப்பில் ஏமாறாமல் விற்பது எப்படி?

அம்மாவின் சங்கிலி ஒன்றும் காப்பு இரண்டும் கையில் இருக்கின்றன, ஓட்டோ லீசிங் தவணை இரண்டு மாதம் நிற்கிறது, நகை வாங்கிய பில் எல்லாம் சுனாமியோடு போய்விட்டது, இவற்றை விற்கலாமா, எங்கே விற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் நின்றவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022 ஆவணி. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆன மாதம். அதற்கு முன்பே எண்ணெய் கிடைக்காமல் எங்கள் வீட்டுக்காரரின் எஞ்சின் வள்ளம் பாலமீன்மடுக் கரையில் கிடந்தது. பிள்ளைகளின் செலவு நிற்கவில்லை. அலுமாரிக்குள் பழைய டொபி டின் ஒன்றில் நான்கு சாமான் வைத்திருந்தேன்: அறுந்த சங்கிலி, மற்றது தொலைந்துபோன ஒற்றைத் தோடு, மாமி குவைத்திலிருந்து கொண்டுவந்த காப்பு, அம்மாவின் பழைய காப்பு. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதில் தங்க விலையும் ஏறியிருந்தது. அன்றைக்குப் பவுண் என்ன விலை என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போனேன். அதுதான் நான் விட்ட பிழை.

பவுண் விலை எல்லோருக்கும் தெரியும். கொழும்பு செட்டியார் தெருவில் காலையில் சொல்லும் விலை பத்து மணிக்குள் கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் வந்துவிடும். அதில் யாரும் உங்களைப் பெரிதாக ஏமாற்ற முடியாது. பணம் போவது வேறு இரண்டு இடத்தில், ஒன்று எடை, மற்றது கரட், அதாவது தங்கத்தின் சுத்தம்.

முதலில் போன கடையில் நான்கையும் ஒரே தட்டில் கொட்டி நிறுத்தார்கள். உரைகல்லில் ஒரு உரசல். "எல்லாம் சேர்த்து 20 கரட்தான் வரும் அக்கா" என்று கல்குலேட்டரைத் தட்டி ஒரு தொகையைக் காட்டினார்கள். எனக்குக் கணக்கு விளங்கவில்லை, ஆனால் மனம் ஒப்பவில்லை. திருப்பி வாங்கிக்கொண்டு, எங்கள் குடும்பத்துக்கு முன்பு நகை செய்து தந்த வயதான பத்தர் ஒருவரிடம் போனேன்.

அவர் செய்த முதல் வேலை நான்கையும் பிரித்து வைத்ததுதான். "எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா குறைஞ்சது கூடினதைத் தின்னும், மகள்" என்றார். குவைத் காப்பின் உள்பக்கத்தில் 875 என்று சின்னதாக முத்திரை இருந்தது. அது 21 கரட். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் நகைகளில் இது வழமை. 916 என்றால் 22, 750 என்றால் 18. சங்கிலியைக் கல்லில் உரைத்து, பக்கத்திலேயே தன்னிடம் இருந்த 22 கரட் கம்பியால் ஒரு கோடு இழுத்து, இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். இரண்டு கோடும் ஒரே நிறமாக நின்றன. சங்கிலி 22தான், வளையங்களை ஒட்டிய பற்றாசு காரணமாக உருக்கும்போது ஒரு துளி குறையும் என்று முன்கூட்டியே சொன்னார். தோட்டின் சிவப்புக் கல்லை என் கண் முன்னே கழற்றி என் கையில் தந்துவிட்டுத்தான் எடை பார்த்தார்.

அம்மாவின் காப்புத்தான் எனக்குப் பாடம். தராசில் 16.2 கிராம் காட்டியது, இரண்டு பவுண் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். பத்தர் காப்பைக் காதருகே பிடித்து நகத்தால் தட்டினார். "உள்ளே அரக்கு" என்றார். காப்பு உள்ளே கூடாக இருந்தது, அந்த இடத்தில் அரக்கு நிரப்பியிருந்தார்கள். என் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, முனையைத் திறந்து, ஊதுகுழலால் மெல்லச் சூடு காட்டினார். கறுப்பாக ஒரு துளி உருண்டு வந்து விழுந்தது, பிறகு இழுத்தாற்போல் வழிந்தது. பட்டறை முழுக்க அரக்கு எரியும் மணம். மறுபடி நிறுத்தபோது 11 கிராமும் கொஞ்சமும். கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விற்றது எவ்வளவு தங்கம் என்று எனக்குத் தெரிந்தது. முதல் கடையில் இந்த அரக்குக்காக மற்ற மூன்று நகையின் கரட்டையும் சேர்த்தே குறைத்திருக்கிறார்கள்.

கணக்கு இப்படித்தான். ஒரு பவுண் 8 கிராம். பேச்சுக்கு 22 கரட் பவுண் 3 இலட்சத்து 20 ஆயிரம் என்று வையுங்கள், கிராம் 40,000. 6 கிராம் சங்கிலி 22 கரட் என்றால் 2 இலட்சத்து 40 ஆயிரம். அதையே 20 கரட் என்று சொன்னால் கிட்டத்தட்ட 22 ஆயிரம் போய்விடும். கடைக்காரர் தனக்கு இலாபம் வைத்துத்தான் வாங்குவார், அது நியாயம். வாங்கும்போது நீங்கள் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது, அதையும் மறந்துவிடுங்கள். ஆனால் இந்த 22 ஆயிரம் வேறு. அதை விடக் கூடாது. குறைந்தது மூன்று கடையில் ஒவ்வொரு நகைக்கும் கழிவு போன எடை, கரட், கிராம் விலை மூன்றையும் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற இடத்தில் விற்க வேண்டாம். கரட் பார்க்கும் மெசின் இருக்கிற கடை நல்லது. ஆனால் அந்த மெசின் மேற்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. பழைய நகைக்கு உரைகல்லும் வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்து பழைய தங்கம் வாங்குகிறோம், நகையைக் கழுவிப் பளபளப்பாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள். தங்கத்தைக் கரைக்கிற திராவகம் உண்டு. நகை மினுங்கிக்கொண்டு திரும்பி வரும், எடை அந்தக் கிண்ணத்தில் தங்கிவிடும்.

விற்பதா, வங்கியில் அடகு வைப்பதா என்றும் பலர் உங்களுக்குச் சொல்வார்கள். படுவான்கரையில் ஐப்பசியில் விதைப்புக்கு அடகு வைத்து, மாசி பங்குனியில் நெல் விற்று மீட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி, பணம் வரும் மாதம் தெரியும். என் அட்டியலை நானும் விற்கவில்லை, அடகு வைத்தேன், வள்ளம் இறங்கிய பிறகு மீட்டேன். உங்கள் நிலை அப்படி இல்லை. லீசிங்குக்காக அடகு வைத்தால் ஓட்டோவுக்கும் வட்டி, நகைக்கும் வட்டி. தவணைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் விற்று நிலுவையை முடித்துவிட்டு, மற்றதைத் தொடாமல் வைப்பேன்.

பில் இல்லாதது பெரிய தடை இல்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை வீட்டில் பில் இருக்கிறது? தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், நகை யாருடையது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள். விற்றதற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

எதை விற்பது என்றால், சங்கிலியை. காப்பு இரண்டும் அந்தக் காலத்து வேலை என்றால் உள்ளே அரக்கு இருக்கக்கூடும். இன்றிரவே ஒன்றை எடுத்துக் காதருகே தட்டிப் பாருங்கள். மணிபோல் கணீரென்று கேட்காமல் மரத்தைத் தட்டியதுபோல் அடங்கிக் கேட்டால், தராசு காட்டும் எடையை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.