உளோம், போகீர்

அன்புள்ள ஐயா,

தம்பி போய் ஐந்து மாதம் ஆகிறது. பைக் விபத்து. அவனுக்கு 26 வயது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "கடவுள் கூடவே இருக்கிறார், தைரியமா இரும்மா" என்கிறார்கள். எனக்கு அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் தேவாரம் படிக்கிற வீடு எங்களுடையது. இப்போது விளக்கேற்றினால் கோபம்தான் வருகிறது. சாமியைத் திட்டிவிட்டு ராத்திரி முழுக்கப் பயந்து கிடக்கிறேன். இது பாவமா? எல்லாம் முன்வினை என்கிறாரே ஒரு மாமா, அப்படியா? ஒரு வருஷம் கோயிலுக்குப் போகக்கூடாது என்பது சரியா? மனம் ஆற தினமும் எந்தப் பதிகம் படிக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் தேவாரம் பாடிய சுந்தரரின் ஒரு பதிகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை.

முன்வினையை விடுங்கள். அந்த மாமா அடுத்த முறை வந்தால் காபி கொடுக்காதீர்கள். ஒரு வருஷக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறுவது. உங்கள் பெரியவர்களோடு பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் திட்டிவிட்டுப் பயந்து கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தேவாரம் படிக்கிற வீடாம். என்னத்தைப் படித்தீர்கள்? ராகம் தப்பாமல் பாடினீர்கள், சரி. பாடியவர் என்ன சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டீர்களா?

திருவொற்றியூரில் தான் மணந்த சங்கிலியாரிடம் உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டுகிறார் சுந்தரர். இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து சேர்கிறார். சன்னிதியில் நின்று கேட்கிறார்: 'கோயில் உளாயே?' உள்ளேதான் இருக்கிறாயா? நீங்கள் கேட்டிருப்பதும் இதைத்தானே. உள்ளேயிருந்து பதில் வருகிறது: 'உளோம் போகீர்.'

இருக்கிறோம், போங்கள். அவ்வளவுதான். அடுப்படியில் கைவேலையாக இருப்பவர் வாசலில் கூப்பிடுகிறவருக்கு முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுப்பதுபோல. கண் கிடைக்கவில்லை. ஊன்றிப் போக ஒரு கோல் கிடைத்தது என்கிறார் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார். பிழை செய்தால் பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே செய்தேன், உனக்குப் பழி வருமே என்றுகூடப் பார்க்காமல் கண்ணை மறைத்துவிட்டாயே என்று சுந்தரர் ஆரம்பிக்கிறார். பாட்டுக்குப் பாட்டு 'உளோம் போகீர் என்றானே' என்று முடிக்கிறார். அந்தக் கடைசி ஏகாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 'என்றான்' என்றால் செய்தி. 'என்றானே' என்றால் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய், பாருங்க, இப்படிச் சொல்லிட்டானே என்று முறையிடுவது. இருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வருத்தம் தீரவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உளோம் என்று உள்ளே இருப்பவன் சொல்ல வேண்டும். இவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவனுக்குப் பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த வெண்பாக்கம் கோயில் பூண்டி ஏரி கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு கரையில் கட்டினார்கள். அங்கே நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். சுந்தரர் கோபத்தில் கோலை வீசியதில் ஒடிந்தது என்பது ஊர்க்கதை. முடிந்தால் போய்ப் பாருங்கள், அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகாவது.

காஞ்சியில் இடக்கண் வருகிறது. ஆரூருக்கு வந்தவர் மிச்சக் கண்ணுக்காக ஒரு பதிகம் பாடுகிறார். அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் 'வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர், வாழ்ந்துபோதீரே.' சும்மா உட்கார்ந்திருப்பீர், நீரே நன்றாக வாழ்ந்துபோம்! மண்ணை வாரித் தூற்றுவதற்கு ஒரு படி முந்தைய வசவு இது. இதை ஏழாம் திருமுறையில் சேர்த்துப் பண்ணோடு பாடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் என்னவோ சாமியறையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்காமல் கிடக்கிறீர்கள்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய மூத்த மகன் கொள்ளிடத்தில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. எனக்கு அப்போது 11 வயது. காரியம் முடிந்த அன்று சாயங்காலம் கூடத்தில் மாட்டியிருந்த முருகன் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். பழுப்பேறிய அட்டை, ஓரத்தில் துருப்பிடித்த சின்னச் சின்ன ஆணிகள், கண்ணாடிக்கடையின் ரப்பர் முத்திரை. சாமி படத்துக்கு முதுகு என்று ஒன்று இருப்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரியம்மா ஸ்டூல் போட்டு ஏறி, அந்த அட்டை முதுகுக்கு ஒரு முழம் கனகாம்பரம் சாத்தினாள். நான் சிரித்துவிட்டேன்.

"என்னடா சிரிப்பு? பேசமாட்டேன்னுதானே இருக்கேன். பூப் போடாம எப்படி?"

பேசாமலும் இல்லை. அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "நீயும் ஒருத்திக்குப் பிள்ளைதானே, உனக்குத் தெரியாதா?" என்பாள். அழுகையாகவும் இருக்காது, திட்டாகவும் இருக்காது. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தி ஓடாது. அப்புறம் மறுபடி ஓடும்.

அடுத்த பொங்கலா, அதற்கடுத்ததா, நினைவில்லை. வெள்ளையடிக்க வந்த ஆள் படங்களையெல்லாம் கழற்றித் திண்ணையில் அடுக்கியவர், வேலை முடிந்ததும் முருகனை நேராகவே மாட்டிவிட்டார். அவருக்கு என்ன தெரியும். நாங்கள் எல்லோரும் பெரியம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணாடி பூரா சுண்ணாம்பு" என்றாள். ஈரத்துணி எடுத்துவர உள்ளே போனாள்.