பிரெகபாலின் தொடங்கி மூன்று நாளில் தலைசுற்று: ஹட்டன் தங்கச்சிக்கு

மனச்சோர்வுக் குளிசை ஒத்துவராமல், பதற்றத்துக்கு பிரெகபாலின் 75 மில்லிகிராம் காலையும் இரவும் தந்திருக்காங்க, தலை சுற்றுது, நிறுத்தவா என்று கேட்டிருந்தீங்க தங்கச்சி. நீங்களாக நிறுத்தாதீங்க. நாளுக்கு 150 வழக்கமான தொடக்க அளவுதான். தலைசுற்றும் தூக்கமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தணியும். தணியாவிட்டால் அளவை மாற்றச் சொல்லி டொக்டரிடம் கேளுங்க. அதுவரை கங்காணியிடம் சொல்லி சமதரையான இடத்தில் கொழுந்து பறிக்க நிரை வாங்குங்க. கூடையோடு செங்குத்தில் கால் வழுக்கினால் என்ன ஆகும், அதுதான் எனக்குப் பயம்.

தடிமனுக்குப் பிரிட்டோன், நோவுக்கு ட்ரமடோல் என்று கடையில் வாங்கிச் சேர்க்காதீங்க. மயக்கம் கூடும், மூச்சும் மந்தமாகலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லணும்: இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறுது, தேங்கினால் அளவு மிஞ்சிவிடும். பிறகு விடுவதானாலும் டொக்டர் சொற்படி, குறைந்தது ஒரு கிழமை எடுத்துப் படிப்படியாக. முகமோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த கெப்சூலைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.