மைக் ஊளையிடுகிறது, வசனம் கேட்கவில்லை: கல்யாண மண்டப நாடகம்

தோழர், உங்கள் ஊர் நாடகக் குழு மண்டபத்தில் ஆறு தொங்கு மைக் கட்டியும் கடைசி வரிசைக்கு வசனம் எட்டவில்லை, சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மைக் அதிகமாக இருப்பதுதான் கோளாறு. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளைக்கு முன் கிடைக்கும் சத்தம் 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும்.

தொங்குவதைக் கழற்றிவிடுங்கள். தலைக்கு 6 அடி மேலே இருக்கும் மைக்குக்கு நடிகர் குரலும் மின்விசிறி இரைச்சலும் ஒன்றுதான். மேடை விளிம்பில் தரையோடு மூன்று போதும். அடியில் ஓர் அங்குல ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லாவிட்டால் காலடி இடிபோல் கேட்கும். மிக்சரில் (மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) லோ-கட் பொத்தானை, அதாவது தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தானை, அழுத்திவிடுங்கள். ஸ்பீக்கர், மைக்குகளைத் தாண்டி அவையோர் பக்கம் 5 அடியாவது முன்னால் நிற்கட்டும். மண்டபத்துக்காரர் மேடைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தால், ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து, ஊளை அங்கேதான் பிறக்கிறது.

மண்டபத்தின் பின்சுவர் வெறும் பூச்சு என்றால், எதிரொலியைக் குறைக்கப் பந்தல்காரரிடம் கனத்த துணி வாங்கி மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பயன் குறைவு.

ஒத்திகையில் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, விளங்காத சொல்லுக்கெல்லாம் கை தூக்கட்டும். நடிகர் பக்கவாட்டில் திரும்பியதால் போன சொற்கள் நிறைய இருக்கும். அதற்கு மைக் மருந்தல்ல, நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.