எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேரப் போகிறேன். மனித வளர்ச்சி, மனநலம் பாடங்களில் எது வேலையில் உண்மையாகவே உதவும்?

கேள்வியின் கீழே "பாடத்திட்டத்தைப் பார்த்தால் வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். நானும் அப்படித்தான் மனித வளர்ச்சி பற்றிக் கோட்பாடு எழுதிய எரிக்சன், பியாஜே, பவுல்பி என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். பதினோரு வருடமாக மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இப்போது கேட்டால் இவை இரண்டும் தனித்தனிப் பாடம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வந்திருப்பவருக்கு என்ன வயது என்று தெரியாமல் அவர் மனநலம் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

ஒரே ஒரு புகாரை வைத்துச் சொல்கிறேன். எங்கள் ஓ.பி.யில் அடிக்கடி காதில் விழுவது இது: "சரியாவே பேசமாட்டேங்குது மேடம்."

இதைச் சொல்வது இரண்டரை வயதுக் குழந்தையின் அம்மா என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. ஆட்டிசமா, செல்போன் கொடுத்துக் கெடுத்ததா என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்து முடிந்திருக்கும். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று பாட்டி தீர்ப்பும் சொல்லியிருப்பார். காது கேட்கிறதா என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, நாம் காட்டும் பக்கம் பார்க்கிறதா.

வளர்ச்சிப் படிகளின் மாதக் கணக்கு என் மண்டையில் ஏறியதே இல்லை. பள்ளியில் படித்த பிள்ளைத்தமிழ்தான் காப்பாற்றியது. செங்கீரை ஐந்தாம் மாதம், கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம், உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. கை ஊன்றாமல் உட்கார முதுகு நின்றால்தானே கொட்ட முடியும்! ஓராண்டை ஒட்டி வருகை, தளர்நடை. ஞாபகத்துக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான். குழந்தையைப் பார்க்கும்போது முறையான அட்டவணையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கியது 17 அம்சங்களே கொண்டது, இரண்டு வயது வரைக்கும் போதும்.

அதே புகார் ஆறு வயதில் வந்தால் கேள்வி மாறிவிடும். எங்கே பேசுவதில்லை? வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஊமையாக இருந்தால் அது பெரும்பாலும் பதற்றத்தால் வருவது. பிடிவாதம் என்று ஆசிரியர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினால் இன்னும் இறுகிவிடும். ஒரு பெண் குழந்தை எங்குமே பேசாமல் வந்தாள். அப்பா அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கைக்குழந்தையிலிருந்து ஊரில் பாட்டிதான் வளர்த்தார். ஒன்றாம் வகுப்புக்குத் திருப்பூர் கூட்டி வந்தார்கள், பேச்சு நின்றுவிட்டது. "பெத்தவ நான் இருக்கேன், அந்தக் கிழவியவே தேடுறா" என்று அம்மாவுக்கு அழுகையும் கோபமும். பவுல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையைப் பலரும் "தாய்ப்பாசம்" என்று சுருக்கிவிடுகிறார்கள். தாய், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருப்பவர் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். இந்தக் குழந்தை அம்மாவிடம் வந்து சேரவில்லை. அவள் கணக்கில் அம்மாவைப் பிரிந்து வந்திருக்கிறாள். பாட்டியைச் சில வாரம் வந்து தங்கச் சொன்னோம், ஊருக்குப் போன பிறகு தினமும் சாயங்காலம் போன். பேச்சு மெல்ல வந்தது.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அடங்கிப்போனால் பாலியல் தொந்தரவு நடந்திருக்குமோ என்பதையும் மனதின் ஒரு மூலையில் வைத்திருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிய வந்ததைத் தெரிவித்தே ஆக வேண்டும். "வீட்டு விஷயம், வெளிய வேணாம் மேடம்" என்பார்கள். அந்தச் சலுகை நம் கையில் இல்லை.

சரி, பத்தொன்பது வயதுக்கு வருகிறேன். நான் தப்பு செய்த இடம் இது.

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருடக் களப்பணி. பொறியியல் படிக்கும் பையன், நாலு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை, அறையை விட்டு வருவதில்லை, பேச்சும் இல்லை. ஹோம் விசிட் போனேன். சின்ன வீடு. ஹாலில் டி.வி. மேல் பூப்போட்ட போர்வை ஒன்றைப் போர்த்தி, கீழ் முனைகளை ஸ்டாண்டுக்கு அடியில் செருகியிருந்தார்கள். தூசிக்கு என்று நினைத்துக்கொண்டேன். அம்மா காபி கொடுத்தார். அப்பா கட்டாயப்படுத்தித்தான் அந்தப் படிப்பில் சேர்த்தார் என்ற கதையைச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. பிறப்பு முதல் முதுமை வரை எரிக்சன் பிரித்த எட்டுக் கட்டங்களில் ஐந்தாவது, அடையாளமா குழப்பமா என்ற கட்டம். மூன்று பக்கம் எழுதினேன். (எரிக்சன் என்ற குடும்பப் பெயரையே அவர் வளர்ந்த பிறகு தானாக வைத்துக்கொண்டது என்ற துணுக்கைக்கூட விடவில்லை.) ஆலோசனை அமர்வுகள் போதும் என்று பரிந்துரையும் செய்தேன். அதிலேயே ஆறு வாரம் ஓடிவிட்டது.

சூப்பர்வைசர் மேடம் ரெக்கார்டைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "ஏம்மா, அவன் குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. தூக்கம் கேட்கவில்லை, தனியாகச் சிரிக்கிறானா, யாரிடமாவது பேசுவது போல் முணுமுணுக்கிறானா, எதையும் கேட்கவில்லை. மறுபடி போனேன். குளித்து ஒரு மாதத்துக்கு மேல். போர்வையைக் காட்டிக் கேட்டதும் அம்மா சாதாரணமாகச் சொன்னார். "அவன்தாம்மா போத்தி வச்சான். அதுல அவனப் பத்தியே பேசுறாங்களாம்."

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். அடையாளத் தேடல் என்று நாம் படிக்கும் அதே வயது! மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், கதவு சாத்தியிருக்கும், பேச்சு இருக்காது. சிகிச்சை தள்ளிப் போகப் போக மீண்டு வருவது கடினமாகிறது என்பதால்தான் அந்த ஆறு வாரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பையன் மருந்து எடுத்துத் தேறினான். இப்போது ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அப்புறம் நான் எந்தக் கோட்பாட்டையும் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. குளியல், தூக்கம், சாப்பாடு, வேலை, பேச்சு. இந்த ஐந்தும் எப்போதிலிருந்து, எப்படி மாறின என்றுதான் தொடங்குவேன்.

அதற்காகக் கதவைச் சாத்தும் பிள்ளையெல்லாம் மனச்சிதைவு என்று ஓடாதீர்கள். பதினாறு வயதில் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வரும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கப் பழகுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, அது தவறு. கேட்டவுடன் பலருக்கு மூச்சு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் இலவச மனநல ஆலோசனை) எண்ணைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பிள்ளை பெற்றவள் பேசாமல் இருந்தால் "பச்சை உடம்பு, காத்துக் கருப்பு அண்டியிருச்சு" என்பார்கள். பிரசவமான சில நாளில் வரும் அழுகையும் சலிப்பும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதைத் தாண்டி நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும், எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். ஆனால் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது நம்பினால் அன்றைக்கே மருத்துவமனை. மந்திரித்துவிட்டு வருகிறோம் என்றால் சண்டை போடாதீர்கள். "மந்திரிங்க, ஆனா இப்போ என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க, தனியா மட்டும் விடாதீங்க" என்று சொன்னால் வருவார்கள்.

நம் இலக்கியத்தில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் சொன்னவர்கள் நாற்பது வயதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒரு பெண்ணுக்குப் பருவமே இல்லை போலும். எங்களிடம் வரும் அம்மாக்கள் பலரும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். எழுபது வயதில் பேச்சு குறைந்தால் "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். எத்தனை நாளில் குறைந்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று என்றால் சிறுநீர்த் தொற்றோ, உப்புச் சத்துக் குறைவோ, புதிதாக ஆரம்பித்த மாத்திரையோ இருக்கலாம், உடனே டாக்டர். மாதக்கணக்கில் மெல்ல என்றால் மனச்சோர்வா, மறதி நோயா என்று பார்க்க வேண்டும். பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்த ஒரு குறிப்பு உண்டு. மனச்சோர்வு உள்ளவர் எதைக் கேட்டாலும் "தெரியல" என்பார், மறதி நோய் உள்ளவர் தெரியாததைச் சமாளித்து ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் எங்கே தோண்டுவது என்று காட்டும். சில சமயம் காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.

மீதிப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியாஜே எனக்கு உதவியது மரணத்தைப் பற்றிப் பேசும்போது. ஐந்து வயதுக் குழந்தையிடம் "தாத்தா தூங்குறாரு" என்றால் அது அன்று இரவு தூங்கப் பயப்படும், சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் வயது. மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸின் ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) 1969இல் வந்தவை, இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசி எழுதியது. இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவரை அந்தப் படிக்கட்டில் ஏற்றி இறக்க வேண்டாம். எங்கெல் என்ற மருத்துவர் 1977இல் சொன்ன உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறையைத்தான் தினமும் பயன்படுத்துகிறோம். அதற்குக் குடும்ப வரைபடம் போடப் பழகுங்கள், மூன்று தலைமுறைக்கு. அக்கா மகளைக் கட்டியவர் வந்தால் அக்காவே மாமியாராகிக் கோடெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், பென்சிலில் போடுங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "மன அழுத்தம்" என்பதை டென்ஷனுக்கும் சொல்கிறார்கள், மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறார்கள். கிராமத்தில் "பிரஷர்" என்றால் இரத்தக் கொதிப்பு. ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் குறித்துக்கொள்ளாமல், "அப்படி வந்தா உங்களுக்கு என்ன செய்யும்?" என்று கேளுங்கள்.

சட்டத்தில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஒன்றை முழுதாகப் படித்துவிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. போலீசுக்குப் பயந்து "தெரியாம குடிச்சிட்டா" என்று பொய் சொல்லும் குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். 95ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் பிரிவு மறக்காது.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருந்தால் பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை ஒன்றாகப் பார்த்தால், எது சாதாரணம் என்பதே எவ்வளவு அகலமானது என்று தெரியும். களப்பணிக்கு நோட்டு வாங்கும்போது கெட்டி அட்டையாகப் பார்த்து வாங்குங்கள், பாதி நேரம் மடியில் வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.