பிரெஞ்சு வகுப்பில் கலாசாரம்: பெற்றோர் கேள்வி பதில்

இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் 2014 செப்டம்பர் முதல் 7 வயதிலிருந்து 11 வயது வரை ஒரு வேற்று மொழி கட்டாயப் பாடம். நான் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு நடத்துகிறேன். நம் தமிழ்ப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

மகள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு 'பிரெஞ்சு டே' உண்டு. கலாசாரத்துக்கு அது போதாதா?

போதாது. பெரே தொப்பி, குரோசான் ரொட்டி, ஈஃபில் கோபுரம்: மறுநாள் பிள்ளைக்குக் குரோசான் மட்டும்தான் நினைவிருக்கும். கலாசாரம் வாராவாரம் பாடத்துக்குள்ளேயே வரவேண்டும். 'பல்' என்ற சொல் வரும்போது, விழுந்த பல்லை உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். இங்கே தலையணைக்கடியில் தேவதை வந்து காசு வைக்கும். பிரான்சில் சுண்டெலி வந்து வைக்கும். ஒரு தமிழ்ப் பையன் எழுந்து, ஊரில் பாட்டி சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னதைச் சொன்னான். அன்றைக்கு வகுப்பு முழுக்க அவனிடம்தான் கேள்வி கேட்டது.

தமிழ், ஆங்கிலம், இப்போது பிரெஞ்சு. குழம்பாதா?

குழம்பாது.

பிரெஞ்சின் 'தூ', 'வூ' இரண்டும் நம் 'நீ', 'நீங்கள்' தானே?

பாதி சரி. கடைக்காரர், அறிமுகமில்லாத பெரியவர் என்றால் 'வூ'. ஆனால் பிரெஞ்சுப் பிள்ளை அம்மா, அப்பா, தாத்தா எல்லாரிடமும் பொதுவாக 'தூ' என்றுதான் பேசும்.

(இன்னொருவர்) எங்கள் வீட்டில் அப்பாவை 'நீ' என்றால் அடி விழும்! இந்தப் பழக்கத்தையா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

வீட்டில் 'நீங்கள்' அப்படியே இருக்கட்டும், அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. பிரெஞ்சுக் குடும்பத்தில் 'தூ' நெருக்கத்தின் அடையாளம். அம்மாவை 'நீ', அப்பாவை 'நீங்கள்' என்னும் வீடுகள் நம்மிடமும் உண்டு. அங்கே அம்மாவுக்கு மரியாதை குறைவா? சாமியையே 'நீ' என்கிறோம், பிரெஞ்சு ஜெபத்திலும் 'தூ' தான். பிற வீட்டுப் பிள்ளையை 'மரியாதை தெரியாதது' என்று நம் பிள்ளை எடைபோடாமல் இருக்க வேண்டும். எனக்கு இது இலக்கணத்தைவிட முக்கியம்.

மூன்று மொழி சுமையாகாதா?

மேலே சொல்லிவிட்டேன். ஆகாது.

16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் தமிழ் எடுக்கலாமா?

அது என் துறை இல்லை. உங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கேளுங்கள்.

எங்கள் ஊர் புதுச்சேரி. வகுப்புக்கு ஏதாவது கொடுத்தனுப்பலாமா?

கண்டிப்பாக! பிரெஞ்சு பிரான்சுக்கு மட்டும் சொந்தம் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். செனகல் இருக்கிறது, ரீயூனியன் தீவு இருக்கிறது, உங்கள் ஊரும் இருக்கிறது. பிரெஞ்சும் தமிழும் சேர்ந்திருக்கும் நீலத் தெருப்பலகை ஒன்றைப் படமெடுத்து அனுப்புங்கள். பெரே தொப்பி மட்டும் வேண்டாம்.