டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் குட்டி ரோபோக்கள்: கேட்டதும் சொன்னதும்

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கிறேன். வாரநாட்களில் சாஃப்ட்வேர் வேலை, சனிக்கிழமை மதியம் பழைய பொம்மைக் கடைகள். டாகாரா நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் விற்ற டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற இரண்டு வரிசைகளைத்தான் சேர்க்கிறேன். அதிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன உருப்படிகள் என்றால் உயிர். பலரும் கேட்ட கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, இதெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ்தானே? எதற்கு வேறு பெயர்? (கோவை)

பொம்மை அதேதான் தம்பி, அந்தப் பெயர்தான் பின்னால் வந்தது. டயாக்ளோன் 1980-இல் ஆரம்பம். காராக இருந்து ரோபோவாக மாறும் பொம்மைகள் அதில் 1982-இல் வந்தன. மைக்ரோ சேஞ்ச் 1983. அமெரிக்க ஹாஸ்ப்ரோ நிறுவனம் இரண்டிலிருந்தும் பொறுக்கி எடுத்து, உரிமம் வாங்கி, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் வைத்து விற்றது. அது அங்கே சக்கைப்போடு போட்டதும் டாகாராவும் 1985-இல் அதே பெயரை ஜப்பானுக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய இரண்டு வரிசைகளும் அத்தோடு முடிந்தன.

கதையில்தான் பெரிய வித்தியாசம். டயாக்ளோனில் ரோபோவுக்குச் சொந்த மூளை கிடையாது. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் வண்டி அது. பிற்பாடு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நாயகன் ஆப்டிமஸ் பிரைம் ஆன லாரிக்கு அன்று "பேட்டில் கான்வாய்" என்று பெயர். அதன் நெஞ்சில் இருக்கும் ஜன்னல்களைத் திறந்தால் உள்ளே ஆள் உட்கார இடம் இருக்கும். ஆளை எடுத்துவிட்டு ரோபோவுக்கு உயிர் கொடுத்தது ஹாஸ்ப்ரோ பக்கம். காலி இருக்கை மட்டும் பொம்மையில் அப்படியே நின்றுவிட்டது. பிரைமைக் கையில் வைத்திருப்பவர்கள் இன்றே திறந்து பாருங்கள்.

பழைய பம்பிள்பீ பொம்மை ஏன் குண்டாக, கார்ட்டூன் கார் மாதிரி இருக்கிறது? மற்ற கார்கள் எல்லாம் நிஜக் கார் போலவே இருக்கின்றனவே? (திருச்சி)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இது புரிந்துவிட்டால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

டயாக்ளோன் வரிசையின் அளவு 1-க்கு 60. ஆறடி மனிதனை அறுபதால் வகுத்தால் 3 சென்டிமீட்டர். ஓட்டுநர் பொம்மையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மைக்ரோ சேஞ்ச் அப்படி இல்லை, அதன் அளவு 1-க்கு 1. வீட்டில் கிடக்கும் பொருள் எந்த அளவோ அதே அளவில் ரோபோ ஒளிந்திருக்கிறது என்பதுதான் அதன் யோசனை. கேசட், கைத்துப்பாக்கி, மைக்ரோஸ்கோப் எல்லாமே நிஜப் பொருளின் வேடம்.

அந்த வரிசையில் ஒரு கார் வைக்க வேண்டும் என்றால் எந்தக் காரை வைப்பது? நிஜக் கார் வீட்டுக்குள் கிடக்காது, பொம்மைக் கார் கிடக்கும். டாகாரா 1980 முதல் சோரோ-க்யூ என்ற குட்டிக் கார்களை விற்றுவந்தது. பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும், நீளம் குறைந்து உப்பிய கார்கள். மைக்ரோ சேஞ்சின் "மினி கார் ரோபோ" அந்தச் சாயலில் செய்தது. ஆக பம்பிள்பீ ஃபோக்ஸ்வாகன் பீட்டிலாக மாறுகிற ரோபோ என்று சொல்வதே பாதிதான் சரி. பொம்மை பீட்டிலாக வேடம் போட்ட ரோபோ அவன். கார்ட்டூனில் அவனை ஆள் ஏறும் காராக வரைந்த பிறகு இந்த நுணுக்கம் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. 2007-இல் வந்த படத்தில் கமாரோ ஆக்கினார்கள், 2018 படத்தில் மறுபடி பீட்டில். இரண்டுமே நிஜக் கார்கள்தான்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். முதலில் எதை வாங்கலாம்? (யாழ்ப்பாணம்)

மினி கார் ரோபோ. உதிரி பாகம் ஏறக்குறைய இல்லை, தொலைந்துபோவதற்கு எதுவும் இல்லை, மாற்றுவது மூன்று நான்கு அசைவில் முடியும். ரொம்பச் சிறியது என்பதால் அலமாரியும் கேட்காது. ஒன்றைக் கையில் எடுத்து, முதுகைக் கீழே அழுத்திக் காலை இழுக்கும்போது வரும் அந்த "க்ளிக்" பிடித்திருந்தால் மேலே போங்கள். பிடிக்காவிட்டால் செலவு அத்தோடு நின்றது.

இந்தக் கூட்டத்தில் ஒரு சுவாரசியமான பையன் உண்டு: மாஸ்டா ஃபமிலியா காராக மாறுபவன். ஹாஸ்ப்ரோ பட்டியலில் அவனுக்கு இடமே இல்லை. ஆனாலும் 1984-இல் கிளிஃப்ஜம்பர் என்ற இன்னொரு குட்டிக் கார் ரோபோவின் அட்டையில் இவனையே ஒட்டி விற்ற உருப்படிகள் கடைக்கு வந்துவிட்டன. பெயரே இல்லாமல் வந்தவனுக்குச் சேகரிப்பாளர்கள் "பம்பர்" என்று ஒரு பெயர் வைத்தார்கள். அட்டை பிரியாத பம்பருக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதே ஃபமிலியாவை மைக்ரோ சேஞ்ச் ரூபத்தில், பெட்டி இல்லாமல் தேடுங்கள். முகம் அதே முகம்தான்.

அசல் டயாக்ளோனா, பிற்கால டிரான்ஸ்ஃபார்மர்ஸா, போலியா என்று எப்படிப் பிரிப்பது? (சென்னை)

அடியில் அச்சடித்த ஆண்டை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். அது பொம்மையை வார்க்கும் அச்சு (மோல்ட்) பதிவான ஆண்டு. 1980 என்று இருக்கும், பொம்மை 1985-இல் வார்த்ததாக இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் இரண்டு கட்சிகளான ஆட்டோபாட், டிசெப்டிகான் சின்னங்கள் டயாக்ளோனிலும் மைக்ரோ சேஞ்சிலும் கிடையாது, அந்தக் கட்சிகளே அப்போது பிறக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கரை உரித்துவிட்டு "டயாக்ளோன்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சின்னம் இல்லை என்பது மட்டும் சாட்சி ஆகாது. நிறம், பெட்டி, கூட வரும் ஓட்டுநர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டுநரைச் சோதிப்பது எளிது: டயாக்ளோன் ஓட்டுநரின் பாதத்தில் குட்டிக் காந்தம் இருக்கும். நான் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு ஊக்கு வைத்திருப்பேன். பாதத்துக்கு அருகே கொண்டுபோனால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் முதல் தடவை விநோதமாகப் பார்த்தார், இப்போது அவரே ஊக்கு நீட்டுகிறார்.

ஏவுகணைக் குழலின் ஸ்பிரிங்கும் ஒரு அடையாளம். ஜப்பானில் விற்றது நன்றாகவே பாயும். அமெரிக்காவில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கைப் பலவீனமாக்கினார்கள், அழுத்தினால் ஏவுகணை சோம்பலாக நழுவி விழும்.

போலிகளை எடையும் மணமும் காட்டிக் கொடுக்கும். புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் "நாற்பது வருஷப் பொம்மை" எனக்கு வேண்டாம்.

மைக்ரோமேன் என்று ஒன்று சொல்கிறார்களே, அது வேறா? (மதுரை)

அதுதான் தாத்தா. 1970-களின் தொடக்கத்தில் டாகாரா, ஹாஸ்ப்ரோவின் 30 செ.மீ. ஜி.ஐ. ஜோ சிப்பாயை ஜப்பானில் விற்றது. 1972-இல் அந்த உடம்பையே கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கில் வார்த்து "ஹென்ஷின் சைபோர்க்" ஆக்கினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை எகிறியது. பெரிய பொம்மை கட்டுப்படியாகவில்லை, 1974-இல் 10 செ.மீ. அளவுக்குச் சுருக்கி மைக்ரோமேன் வந்தது. மைக்ரோ சேஞ்ச் அந்தக் குடும்பத்தின் கடைசிக் கிளை. அமெரிக்காவில் மெகோ நிறுவனம் 1976-இல் மைக்ரோமேனை "மைக்ரோநாட்ஸ்" என்று விற்றது.

மைக்ரோமேன் விட்டுச்சென்ற சொத்து 5 மில்லிமீட்டர். அதன் கருவிகளைச் செருகும் குழியும் முளையும் 5 மி.மீ. இன்று கடையில் விற்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் முஷ்டித் துளையும் அதே 5 மி.மீ.தான். என் வீட்டில் போன வருஷம் வாங்கிய துப்பாக்கியை எழுபதுகளின் மைக்ரோமேன் வண்டியில் செருகி வைத்திருக்கிறேன். கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

குரோம் பளபளப்பு மங்கிவிட்டது. எதைப் போட்டுத் துடைக்கலாம்? (சேலம்)

எதையும் போடாதீர்கள். அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய உலோகப் படலம், பிளாஸ்டிக்கின் மேல் ஒரு மூச்சுக் கனம்தான். நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில், சுத்தமாக இருக்கட்டுமே என்று ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு வெள்ளி முஷ்டியைத் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமாயிற்று, முஷ்டி வெறும் பிளாஸ்டிக் ஆயிற்று. இன்னமும் அதை மேஜையில் வைத்திருக்கிறேன், கை அரிக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்வதற்காக. மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

திறந்து சுத்தம் செய்யப் பார்த்தேன், ஸ்க்ரூ தலை தேய்ந்துவிட்டது. (பெங்களூர்)

ஸ்க்ரூ டிரைவர் தப்பு. ஜப்பானிய ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டியவை. நம் ஊர்க் கடையில் "ஸ்டார் டிரைவர்" என்று தரும் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது, திருகினால் மேலே ஏறி வழுக்கி மூலைகளைத் தின்னும். ஜே.ஐ.எஸ். முனை தனியாக வாங்கிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது இன்னொரு விஷயம். ஸ்க்ரூவை வைத்ததும் முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் டக்கென்று சின்னதாக இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் விரலிலேயே போய்விடும். இதைச் செய்யாமல் நேரே திருகினால் பிளாஸ்டிக்கில் புது மரை விழும். நாலைந்து தடவையில் ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்துவிடும்.

வெள்ளைப் பாகம் மஞ்சளாகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் வெளுக்குமாமே? (கொழும்பு)

வெளுக்கும். வெயிலில் வைத்தால் ஒரே நாளில்கூடத் தெரியும். ஆனால் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வரும். ஸ்டிக்கரும் குரோமும் இருக்கும் பாகத்தை அதில் போடவே கூடாது. நான் செய்வதில்லை. நாற்பது வயதான பொம்மைக்கு மஞ்சள் விழுவது எனக்கு உறுத்தவில்லை. வருவதைத் தள்ளிப்போடலாம்: வெயில் படாத அலமாரி, பரணில் ஏற்றாதது. நம் ஊர்ப் பரண் சித்திரை மாதத்தில் அடுப்பு. அங்கே ரப்பர் டயரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடந்தால், ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை பிளாஸ்டிக்கை இளக்கிப் பள்ளம் விழவைத்துவிடும். தங்கத் துகள் கலந்த பிளாஸ்டிக் இருந்தால் இன்னும் கவனம். அது வயதானால் பிஸ்கட் மாதிரி உடையும், எந்தப் பசையும் காப்பாற்றாது. ஃபெவிக்விக் பக்கம் போகவே வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும்.

டோக்கியோ வந்தால் எங்கே தேடுவது? வராதவர்கள் என்ன செய்வது? (துபாய்)

நக்கானோ பிராட்வே. 1966-இல் கட்டிய கட்டடம். அதற்குள்தான் 1980-இல் பழைய மங்கா கடையாக மாண்டராகே தொடங்கியது, இப்போது அதே கட்டடத்தில் பொருளுக்கு ஒரு கடையாகப் பரவிக் கிடக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைப் பார்த்து ரசியுங்கள். அப்புறம் ஓரத்தில் பிளாஸ்டிக் கூடையில் குவித்திருப்பதைக் கிளறுங்கள், நம் வேலை அங்கேதான்.

வர முடியாதவர்களுக்கு மாண்டராகே வெளிநாட்டுக்கும் அனுப்பும், யாஹூ ஏலத்துக்கு இடையில் நின்று வாங்கித் தரும் சேவைகளும் உண்டு. மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். "ஜங்க்கு" என்றால் இருக்கிறபடி விற்கிறோம், புகார் சொல்லாதே. "கெப்பின்" என்றால் ஏதோ பாகம் குறைகிறது. "யாகே" என்றால் வெயிலில் மஞ்சளாகியிருக்கிறது. ஒருமுறை "பாகம் முழுசு" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்ததில் ஒரு முஷ்டி இல்லை. படத்தைத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதிலேயும் இல்லை. விற்றவரைத் திட்டுவதா, என்னைத் திட்டுவதா?

இந்தியாவுக்கு அனுப்பினால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பொம்மைகளுக்கு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. வாங்குகிற அன்று எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.

சார், மெகாட்ரான் ஆன அந்தத் துப்பாக்கி ரோபோவை விமானத்தில் கொண்டுவரலாமா? (சிங்கப்பூர்)

கைப்பையில் வேண்டவே வேண்டாம். மைக்ரோ சேஞ்ச் கன் ரோபோ, வால்தர் பி-38 கைத்துப்பாக்கியின் அசல் அளவு. எக்ஸ்ரே திரையில் அது பொம்மை என்று நிரூபிக்க நீங்கள் அங்கேயே அதை ரோபோவாக மாற்றிக் காட்ட வேண்டிவரும். அதிகாரி பொறுமையாகப் பார்ப்பார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். போதாக்குறைக்கு ஜப்பானியப் பதிப்பு குட்டி பிளாஸ்டிக் குண்டும் சுடும், ஹாஸ்ப்ரோ அதை எடுத்துவிட்டது. சரக்குப் பெட்டியில் வைப்பதாக இருந்தாலும் விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. அலமாரியைப் பூட்ட வேண்டுமா? (நாமக்கல்)

கண்டிப்பாக. பொம்மைக்காகச் சொல்லவில்லை. 3 செ.மீ. ஓட்டுநர், ஏவுகணை, பாதக் காந்தம் எல்லாமே வாய்க்குள் போகிற அளவு. பூட்டிவிட்டு, மினி கார் ரோபோவில் கீறல் விழுந்த ஒன்றை, உடைந்த முனை ஏதும் இல்லையா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டுங்கள். என் மகள் பீட்டிலை மட்டும் ரோபோவாக மாற்றவே விட மாட்டாள். "அது கார்தான்பா" என்பாள்.